அடிப்பலகை இல்லாத பல்லக்கு

இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் உடம்பைக் குறைக்கப் போகிறேன் என்கிறார்கள். திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன் என்கிறார்கள். எந்தத் திங்கட்கிழமை என்று ஒருத்தரும் சொல்வதில்லை. டப்பாவில் ஏதோ ஒரு மாவு வருகிறதாம், கலக்கிக் குடித்தால் பத்து நாளில் பத்து கிலோ போய்விடுமாம். எங்கே போகும்? எங்கள் தெருவில் ஒருவர் நின்ற இடத்திலேயே ஓடுகிற மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். இப்போது அதன் மேல் அவர் வீட்டு ஈரத்துணி காய்கிறது. தெருமுனையில் பால் வாங்க வண்டியை எடுக்கிறார் அதே மனிதர். வண்டியைத் திருப்புகிற நேரத்தில் பாலை வாங்கிக் காய்ச்சியே குடித்திருக்கலாம்.

நான் நாலாம் வகுப்போடு சரி. அதனாலேயே யார் எதைச் சொன்னாலும் உடனே நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. இந்தக் கதையை ஒரு மாவு மில்லில் வரிசையில் நிற்கும்போது ஒருவர் சொன்னார். கேட்டேன், அவ்வளவுதான். கேட்டதைக் கேட்டபடி சொல்கிறேன்.

முன்னே ஒரு காலத்தில், எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள், வச்சிரபாகு என்று ஒரு ராஜா இருந்தார். நாற்பது வயது. அவர் உடம்பு எவ்வளவு எடை என்று யாருக்கும் தெரியாது. நிறுத்துப் பார்க்க அந்த நாட்டில் தராசு இல்லை. இருந்தாலும் யார் நிறுப்பது? அந்த அரண்மனையில் உடம்புக்கு ஒரே அளவுதான்: பல்லக்கைத் தூக்க எத்தனை ஆள் வேண்டும் என்பது. பட்டம் கட்டிக்கொண்ட அன்று அவரை எட்டுப் பேர் தூக்கினார்கள். பிறகு பன்னிரண்டு ஆயிற்று. பிறகு பதினாறு. இப்போது இருபத்து நாலு.

அந்த வம்சத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜாவின் பாதம் மண்ணில் படக்கூடாது. அவருடைய தாத்தா காலத்தில் எவனோ ஒரு சோதிடன் சொல்லிவிட்டுப் போனது. அவன் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டான், இவர்கள் மூன்று தலைமுறையாக அதைச் சுமக்கிறார்கள். படுக்கையறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் பல்லக்கு, அங்கிருந்து கொலுமண்டபத்துக்குப் பல்லக்கு. வச்சிரபாகு நடந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. தன் பாதத்தைத் தானே பார்த்து ஆறு வருஷம். விரலில் இறுகிப்போன மோதிரத்தைத் தட்டானை வரவழைத்து அறுத்துத்தான் எடுத்தார்கள்.

சபையில் இருந்தவர்கள் வாய் என்ன சொல்லிற்று தெரியுமா? "பட்டத்து யானையின் கம்பீரம், மகாராஜா!" என்று சொல்லிற்று.

அந்தக் கம்பீரம் எப்படிப்பட்டது என்று ராஜாவுக்குத்தானே தெரியும். அவருடைய அப்பா நாற்பத்தொன்றாம் வயதில், மத்தியானம் சாப்பிட்டுச் சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அண்ணனும் அதே நாற்பத்தொன்றில், அதே மாதிரி, அதே கட்டிலில். வச்சிரபாகுவுக்கு ஆவணித் திருவிழா அன்று நாற்பத்தொன்று பிறக்கிறது. அதனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவருக்குக் கண்ணை மூடப் பயம். மூடாமலும் இருக்க முடியாது, தானாக மூடிக்கொள்ளும். குறட்டை பெரிதாகக் கேட்கும். திடீரென்று நின்றுவிடும். குறட்டை மட்டும் இல்லை, மூச்சே நின்றுவிடும். சாமரம் வீசுகிறவன் கையை நிறுத்திவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவான். இருபது வரைக்கும் எண்ணிய நாள் உண்டு. அப்புறம் ராஜா தண்ணீரில் முங்கி எழுந்தவர் போலத் திணறி விழித்துக்கொள்வார். விழித்ததும் முதலில் கேட்பது, "எத்தனை எண்ணினாய்?"

"பத்துங்க மகாராஜா" என்பான் அவன். எப்போது கேட்டாலும் பத்துதான். ராஜாவுக்கும் அது தெரியும்.

ஆனி மாசக் கடைசியில் ஒரு நாள் பல்லக்கு கோயிலுக்குப் போயிற்று. கோயில் வாசலுக்கு முன்னால் மூன்று படி. இரண்டாம் படியில் பல்லக்கின் கம்பு முறிந்தது. ராஜா மல்லாக்க விழுந்தார். முன்வரிசையில் தூக்கியவன் ஒருவனுடைய கால் அடியில் சிக்கி நொறுங்கியது. ராஜாவால் எழுந்திருக்க முடியவில்லை. புரளவும் முடியவில்லை. வானத்தைப் பார்த்தபடி கிடக்கிறார். தொட்டுத் தூக்கலாமா, தூக்கினால் குற்றமா என்று தெரியாமல் ஊரே வாயடைத்து நிற்கிறது. அந்த அமைதியில் மோர்ப்பானையோடு நின்ற ஒரு பொம்பளை பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்:

"ஏன்டி, ராசா செத்துட்டாரா?"

மெதுவாகத்தான் கேட்டாள். ராஜா காதில் விழுந்துவிட்டது.

மறுநாள் சபை கூடியது. ராஜாவின் முகம் பழைய சுவர் போல வெளுத்திருந்தது.

"இந்த உடம்பை யார் குறைப்பீர்கள்?"

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. போன வருஷம் ஒரு வைத்தியர் கஷாயத்தைக் கொடுத்துப் பன்னிரண்டு நாள் ராஜாவைப் பட்டினி போட்டார். பதின்மூன்றாம் நாள் ராஜா மயங்கி விழுந்தார், எழுந்ததும் மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார். போன உடம்பு போன வேகத்தில் கூட்டாளிகளோடு திரும்பி வந்தது. வைத்தியர் எல்லையைத் தாண்டி ஓடிவிட்டார். அதெல்லாம் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

அப்போது உக்கிராண அதிகாரி அனந்தர் எழுந்தார். அரண்மனை நெல், நெய், வெல்லம், சமையல் எல்லாம் அவர் கையில். ராஜா படுத்தே கிடந்ததில் ஒன்பது வருஷமாக உக்கிராணத்தின் கதவை அனந்தரைத் தவிர யாரும் திறந்து பார்த்ததில்லை. ராஜா எழுந்து நடந்தால் எங்கே வந்து நிற்பார் என்று அவருக்கு ஒரு பயம். இன்னொரு பக்கம், சபையில் எட்டியப்பன் என்கிற விகடகவி ராஜாவைச் சிரிக்க வைக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். இரண்டையும் ஒரே வேலையில் முடிக்கப் பார்த்தார்.

"மகாராஜா, நேற்று எட்டியப்பன் என் காதுபடச் சொன்னான். அரசரை மறுபடி எட்டுப் பேர் தூக்கும்படி செய்ய என்னால் முடியும் என்றான்."

எட்டியப்பன் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் ராஜா அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையைப் பார்த்ததும், இல்லை என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. வெள்ளத்தில் போகிறவன் கரையில் நிற்கிறவனைப் பார்க்கிற பார்வை அது.

"முடியுமா, எட்டியப்பா?"

"பார்க்கலாம், மகாராஜா."

"பார்க்கலாம் என்றால் போதாது" என்றார் அனந்தர். "அரச கட்டளையாக இருக்கட்டும். திருவிழாவுக்கு இன்னும் நாற்பத்தெட்டு நாள் இருக்கிறது. அன்று எட்டே பேர் பல்லக்கைத் தூக்கி அரசரைக் கோயிலில் சேர்க்க வேண்டும். அரசரின் சாப்பாட்டில் முப்பத்திரண்டு பதார்த்தம் என்பது முன்னோர் வைத்த வரிசை, அதில் ஒன்றும் குறையக் கூடாது. அரசரின் பாதம் மண்ணில் படக்கூடாது. தவறினால் கழுமரம்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. பயத்தில் இருக்கிறவன் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்துப் பார்ப்பதில்லை.

அனந்தர் வேலையில் கெட்டிக்காரர். மூன்றாம் நாளே எட்டியப்பன் வீட்டு வாசலில் கூராகச் செதுக்கிய கழுமரம் ஒன்றை நட்டுவிட்டார். முன்கூட்டியே தயாராக இருக்கட்டுமாம். எட்டியப்பன் பெண்சாதி செம்பாயி அன்றோடு வாசலில் கோலம் போடுவதை விட்டாள். கொல்லைப்புறமாகத்தான் போய்வந்தாள்.

"ராத்திரியோட ராத்திரியா கிளம்பிப் போயிடலாம்" என்றாள்.

"நாலு சாலையிலயும் ஆள் நிக்குதுடி."

"அப்ப அந்த மனுசரைத் தின்ன விடாம பண்ணு."

"தட்டுல கை வெச்சா இப்பவே கழு. வைக்கலைன்னா ஆவணியில கழு."

"உனக்கு வாய்தானே சோறு போட்டுச்சு, அது இப்ப என்ன பண்ணுது?" என்று கேட்டாள் செம்பாயி.

எட்டியப்பன் நேராகப் பல்லக்குத் தூக்கிகளின் தலைவன் சடையனிடம் போனான். கால் நொறுங்கிக் கிடந்தது சடையனின் தம்பிதான். அவன் குடிசைக்குள் முனகிக்கொண்டிருந்தான்.

"சடையா, அந்தப் பல்லக்கை ராஜா இல்லாம எத்தனை பேர் தூக்கலாம்?"

"வெறும் பல்லக்கா? எட்டுப் பேரு போதும் சாமி. ஆறு பேரே தூக்கலாம். எங்களைக் கொல்றது பல்லக்கு இல்லீங்களே."

எட்டியப்பன் எழுந்து தச்சனைத் தேடிக்கொண்டு போனான்.

முறிந்த கம்பை மாற்றிப் பல்லக்கு திரும்பி வந்தது. பட்டுத்திரை முன்பைவிட நீளம், நாலு பக்கமும் தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. எட்டியப்பன் அதைப் படுக்கையறைக்குள் கொண்டுவரச் சொல்லி, மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் திரையை விலக்கினான். உள்ளே இருக்கையும் இல்லை, அடிப்பலகையும் இல்லை. வெறும் சட்டம். பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் குறுக்குக்கட்டை.

ராஜா பார்த்தார். "இது என்ன?"

"பல்லக்கு, மகாராஜா. தாங்கள் உள்ளே நிற்பீர்கள். எட்டுப் பேர் பல்லக்கைத் தூக்குவார்கள். அது போகிற இடத்துக்குத் தாங்களும் போவீர்கள்."

"நடந்தா?"

"திரைக்குள் நடப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?"

ராஜாவின் உதடு துடித்தது. கோபம் என்று எட்டியப்பன் நினைத்தான். கோபம் இல்லை. "நான் நடந்தால் சிரிப்பார்கள், எட்டியப்பா" என்றார். "அன்று விழுந்து கிடந்தபோது ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. எல்லாரும் அடக்கிக்கொண்டு நின்றார்கள். எனக்குத் தெரியும்."

"அதற்குத்தான் திரை."

"பாதம் மண்ணில் படக்கூடாதே?"

எட்டியப்பன் மடியிலிருந்து இரண்டு செருப்பை எடுத்தான். ஆட்டுத்தோல், உள்ளே பஞ்சு. வீங்கின காலுக்குத் தக்கபடி அகலமாகத் தைத்தது. "மண்ணில் படப்போவது செருப்புத்தான், மகாராஜா."

முதல் நாள் படுக்கையறை வாசலிலிருந்து தாழ்வாரத்தின் முதல் தூண் வரை நடந்தார்கள். எட்டு அடி இருக்கும். அவ்வளவுதான். அதற்குள் ராஜாவின் நெஞ்சு அடித்தது வெளியே இருந்த சடையனுக்குக் கேட்டதாம். திரைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, "நிறுத்து! கண் இருட்டுகிறது." எட்டியப்பன் தன் மேல்துணிக்குள் ஒரு சின்ன மணையை மறைத்து வைத்திருந்தான். சட்டென்று அதைத் திரைக்கு அடியில் தள்ளினான். ராஜா அதில் உட்கார்ந்தார். வெளியே எட்டுப் பேரும் பல்லக்கைத் தோளில் வைத்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல், உள்ளே மூச்சு இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நான் இங்கே செத்தால் உன்னைக் கழுவில் ஏற்றுவார்கள்" என்றார் ராஜா, திரைக்குள்ளிருந்து.

"தெரியும், மகாராஜா. அதனால்தான் ஒரு தூணோடு நிறுத்தினேன்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் ஒரு தூண். முடிந்தால் இரண்டு."

"இப்படிப் போனால் திருவிழாவுக்குள் என்ன குறையும்?"

"ஒன்றும் குறையாது, மகாராஜா" என்றான் எட்டியப்பன். பொய் சொல்ல அவனுக்குத் தெம்பு இல்லை. "ஒன்பது வருஷம் ஏறியது நாற்பத்தெட்டு நாளில் இறங்காது. இறக்கினால் அந்த வைத்தியர் இறக்கினது மாதிரி இருக்கும்."

"அப்படியானால் எதற்கு இதெல்லாம்?"

"கட்டளையில் உடம்பு குறைய வேண்டும் என்று ஒரு வார்த்தையும் இல்லை. எட்டுப் பேர் பல்லக்கைத் தூக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. இப்போது எட்டுப் பேர்தான் தூக்குகிறார்கள். தாங்கள் கோயில் வரைக்கும் கூடவே வந்து சேர்ந்தால் போதும்."

சாப்பாட்டிலும் எட்டியப்பன் கை வைத்தான். அந்த அரண்மனையில் இனிப்புத்தான் முதலில் வரும், அது வழக்கம். பாயசம், அதிரசம், நெய்யில் மிதக்கும் அல்வா, அப்புறம் சோறு, கடைசியில் கீரையும் கூட்டும். கடைசிவரை போக யாருக்கு இடம் இருக்கும்? எட்டியப்பன் வரிசையைத் தலைகீழாக்கினான். கீரை முதலில். அல்வா முப்பத்திரண்டாவது. பரிமாற ஒரே ஆள். ஒன்றை வைத்துவிட்டு மடைப்பள்ளிக்கு நடந்துபோய் அடுத்ததை எடுத்து வருவான். மடைப்பள்ளி எங்கேயோ இருந்தது.

அனந்தர் ஓடிவந்தார். "எங்கே குறைத்தாய்? சொல்!"

"எண்ணிக்கொள்ளுங்கள், முப்பத்திரண்டு" என்றான் எட்டியப்பன். அனந்தர் நின்று எண்ணினார். முப்பத்திரண்டும் வந்தது. அல்வா வந்தபோது ராஜா இலைக்கு முன்னால் சாய்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒழுங்காகப் போயிற்று என்று நினைக்காதீர்கள். நாலாம் நாள் ராஜா வெள்ளிச் செம்பை எட்டியப்பன் தலைமேல் எறிந்தார். பதினெட்டாம் நாள் யாருக்கோ முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்து ஒரு கூடை அதிரசத்தைப் படுக்கைக்கே வரவழைத்து முழுசாகத் தின்றுவிட்டார். விடிந்ததும் எட்டியப்பன் வந்தபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"முடிந்தது. கழுமரத்தை என் வாசலில் நடச் சொல்."

கழுமரம் தன் வாசலில்தான் இருக்கிறது என்று எட்டியப்பனுக்குத் தெரியாதா? ஆனாலும் சாதாரணமாகவே கேட்டான். "நேற்றுப் பதினைந்து தூண். இன்றைக்கு எத்தனை, மகாராஜா?"

"காதில் விழவில்லையா? கூடை முழுக்கத் தின்றேன்!"

"அது நேற்று. பல்லக்கு வாசலில் நிற்கிறது, சடையனுக்குத் தோள் வலிக்கும்."

அன்று ராஜா ஐந்து தூண் நடந்தார். அழுதுகொண்டே நடந்தாராம். இருந்தாலும் அந்த வாரம் மத்தியானத்தில் சாமரம் வீசுகிறவன் ஒரு நாள் உண்மையாகவே பத்தோடு நிறுத்தினான். ராஜா அதை நம்பவில்லை.

இங்கேதான் ஒரு தப்பு நடந்தது. பல்லக்குத் தூக்கிகளுக்கு ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவனுக்குத்தான் தரை தெரியும். அவன் பின்னால் வருகிறவர்களுக்குச் சத்தம் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். "கல்லு வருதுடா, பள்ளம்டா, படி ஏறுடா" என்று. அடிப்பலகை போனபிறகு அந்தச் சத்தம் ராஜாவுக்கும் வேண்டியிருந்தது. ராஜாவை எப்படி 'டா' போட்டுச் சொல்வது? சடையன் பழகிவிட்டான். தாழ்வாரத்தில் போகும்போது, "படி வருது சாமி, மெள்ள எறங்குங்க சாமி" என்று சொல்லிக்கொண்டு போனான்.

எதிரே வந்த அனந்தர் நின்றார். பல்லக்கு கடந்து போகும்வரை நின்றார். எட்டே பேர், ஒருவன் உடம்பிலும் வேர்வை இல்லை. தன் கூட்டாளிகளைச் சாமி என்று கும்பிட்டுக்கொண்டு போகிற தூக்கி ஒருவனை அவர் அன்றுதான் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சிரித்துக்கொண்டு போனார். அரண்மனைக்குள் வைத்துப் பிடித்தால் ராஜா மன்னித்தாலும் மன்னிப்பார். ஊர் முழுக்கப் பார்க்கும்போது திரையைத் தூக்கினால்? ராஜாவின் கால் தெருப்புழுதியில். மூன்று தலைமுறை வழக்கம் புழுதியில். மானம் போன ராஜா முதலில் யாரைக் கொல்வார்?

அந்தச் சிரிப்பைச் சடையனும் பார்த்திருந்தான். எட்டியப்பனிடம் வந்து சொன்னான். எட்டியப்பன் செருப்பின் தையலை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான்.

திருவிழா வந்தது. ராஜாவுக்கு நாற்பத்தொன்று பிறந்தது. அதுவரைக்கும் அவர் அதிகமாக நடந்தது முப்பத்தெட்டுத் தூண். அரண்மனை வாசலிலிருந்து கோயில் அறுபது தூண் தூரம். கடைசியில் அந்த மூன்று படி.

தெரு இரண்டு பக்கமும் சனம். யாரும் சத்தம் போடவில்லை. ராஜா இறந்து ஒரு மாசம் ஆகிறது, மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. எட்டே பேர் பல்லக்கைத் தூக்கி வந்ததைப் பார்த்ததும் அந்தப் பேச்சு உறுதியாகிவிட்டது. "உள்ளே வெறும் துணிதான் இருக்கும்" என்று ஒருவன் முணுமுணுத்தான். அனந்தர் பல்லக்கை ஒட்டியே நடந்து வந்தார். அவர் கை திரைக் கயிற்றின் பக்கத்தில் இருந்தது.

முப்பதாவது தூண் தூரத்தில் உள்ளே மூச்சு கரகரத்தது. எட்டியப்பன் சடையனைப் பார்த்தான். சடையன் குரல் கொடுத்தான்: "தோள் மாத்துறோம்!"

தோள் மாற்றுவதற்கு நிற்பது தூக்கிகளின் உரிமை. ராஜாவே ஆனாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. பல்லக்கு நின்றது. மணை உள்ளே போயிற்று. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "தோள் மாத்துறோம்!" அப்புறம் மறுபடி. இருபத்து நாலு பேர் தூக்கினபோதுகூட இத்தனை தடவை தோள் மாற்றியதில்லை.

"என்னடா, தோளா கத்தரிக்காயா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

படிக்குப் பக்கத்தில் வந்தபோது உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "எட்டியப்பா, இங்கேதானே விழுந்தேன்?"

"ஆமாம், மகாராஜா."

"கால் நடுங்குகிறது."

"எனக்கும்தான்."

சடையன் சொன்னான்: "முதல் படி வருது சாமி."

அப்போது அனந்தர் கயிற்றை இழுத்தார். பட்டுத்திரை நாலு பக்கமும் சரிந்து விழுந்தது. "பாருங்கள்!" என்று கத்தினார். "அரசரைத் தெருவில் நடத்திக்கொண்டு வருகிறான் இந்தக் கோமாளி! எட்டுப் பேர் தூக்கியது வெறும் சட்டத்தை! அரச பாதம் மண்ணில்!"

நடுவில் ராஜா நிற்கிறார். பட்டுச்சட்டை வேர்வையில் ஒட்டிக்கிடக்கிறது. இரண்டு கையும் குறுக்குக்கட்டையை இறுகப் பிடித்திருக்கின்றன. ஒரு கால் தரையில், ஒரு கால் முதல் படியில். எட்டியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். வாசலில் நட்ட கழுமரம் கண்ணுக்குள்ளேயே நின்றது. ராஜா கூட்டத்தைப் பார்க்கிறார். சிரிக்கப்போகிறார்கள் என்று காத்திருக்கிறார்.

மோர்ப்பானை ஒன்று கீழே விழுந்து உடைந்தது.

"அடியே, ராசா நிக்கிறாருடி! ராசா தன் காலால நிக்கிறாருடி!"

அதே பொம்பளைதான். கை இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டு அழுதாள். அப்புறம் பக்கத்தில் இருந்தவன், அவனுக்குப் பின்னால் இருந்தவன். தெரு முழுக்க ஒரே கூச்சல். செத்துப்போன ராஜா எழுந்து நிற்பதைப் பார்த்த கூச்சல். ஒருவன்கூடச் சிரிக்கவில்லை.

ராஜா கட்டையிலிருந்து ஒரு கையை விட்டார். பிறகு மறுகையை. சட்டத்தை விட்டு வெளியே வந்து, மூன்று படியையும் ஒவ்வொன்றாக ஏறினார். மூன்றாவதில் நின்று வெகுநேரம் மூச்சு வாங்கினார். அப்புறம் திரும்பினார்.

"அனந்தரே, என் பாதம் மண்ணில் பட்டதா?"

"பட்டது, மகாராஜா! ஊரே சாட்சி!"

எட்டியப்பன் குனிந்து ராஜாவின் காலிலிருந்து ஒரு செருப்பைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தான். அடித்தோலில் புழுதி. ராஜாவின் உள்ளங்கால் பச்சைக்குழந்தையின் கால் மாதிரி வெளுத்துச் சுத்தமாக இருந்தது. "மண் எங்கே இருக்கிறது என்று அதிகாரியே காட்டட்டும்" என்றான். "முப்பத்திரண்டில் ஒன்று குறைந்ததா, அவரே எண்ணினார். பல்லக்கை எத்தனை பேர் தூக்கினார்கள், அதை இப்போது அவரே சத்தம் போட்டுச் சொன்னார்."

ராஜாவின் வயிறு முதலில் குலுங்கியது. அப்புறம் தோள். எட்டியப்பன் பயந்துபோய் மணையோடு ஓடினான், விழப்போகிறார் என்று. விழவில்லை, சிரித்தார். ஒன்பது வருஷமாகப் படுத்துக்கொண்டே சிரித்தவர் அன்று நின்றுகொண்டு சிரித்தார்.

"அனந்தரே, இங்கிருந்து உக்கிராணத்துக்கு எத்தனை தூண்?"

அனந்தர் அவசரமாகச் சொன்னார், "அது தூரம், மகாராஜா. தங்களுக்கு எதற்குச் சிரமம்?"

"ஒரு நாளைக்கு ஒரு தூணாக வருகிறேன். எப்படியும் வந்து சேருவேன். சாவியை வெளியே வைத்திரும்."

அனந்தர் அந்த வாரமே, காசியாத்திரை போகிறேன் என்று சொல்லி நாட்டை விட்டுப் போய்விட்டார். சடையனின் தம்பிக்கு, கால் போனதற்கு, ராஜா நிலம் கொடுத்தார். கழுமரத்தைப் பிடுங்க ஆள் வந்தது. கடைசியில் எட்டியப்பனைக் கூப்பிட்டு, "என்ன வேண்டும், கேள்" என்றார். அதற்குள் அவருக்கு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. "அது இருக்கட்டும். என் பல்லக்கின் அடிப்பலகை எங்கே? வெள்ளித்தகடு அடித்ததாயிற்றே!"

எட்டியப்பன் தலையைச் சொறிந்தான். "என் வீட்டில் இருக்கிறது, மகாராஜா. என் பெண்சாதி அதன்மேல்தான் வடாம் காயவைக்கிறாள்."

"அவளே வைத்துக்கொள்ளட்டும்" என்று சொல்லி ராஜா மறுபடி சிரித்தார். அதோடு ஒரு படி நெல்லை ஆயிரம் தடவை அளந்து கொடுத்தார்.

கதை இவ்வளவுதான். ஆனால் அந்த மில்லில் நின்றவர் இதோடு விடவில்லை. ராஜா அப்புறமும் தினமும் நடந்தாராம். சில நாள் நடக்காமல் படுத்தாராம், சில நாள் அல்வாவை இரண்டு தரம் வாங்கினாராம், மறுநாள் மறுபடி எழுந்து தூணை எண்ணினாராம். மூன்று வருஷத்தில் நிஜமாகவே எட்டுப் பேர் தூக்குகிற உடம்பு ஆயிற்றாம். அதற்குள் அவருக்குப் பல்லக்கில் ஏறவே பிடிக்கவில்லையாம். அறுபத்தெட்டு வயது வரை இருந்தாராம்.

பல்லக்கு, திரை, செருப்பு, இதையெல்லாம் நான் நம்பிவிடுவேன். ஒருத்தன் பத்து நாள் ஒரு வேலையைச் செய்வான், பயம் இருந்தால் நாற்பத்தெட்டு நாள்கூடச் செய்வான். கழுமரத்தைப் பிடுங்கியபிறகு மூன்று வருஷமா? அதுவும் ஒரு ராஜாவா? "நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "கேள்விப்பட்டது" என்றார். அதைத்தான் நானும் சொல்கிறேன். அதற்குள் என் மாவு அரைந்து வந்துவிட்டது. பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் வேண்டுமானால் நம்பிக்கொள்ளுங்கள்.